கல்லில் எழுதிய கணக்கு

மரக்காணத்தில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீர். வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். ஒரு குவியல் எவ்வளவு தேறும் என்று அங்கே வாரிப் போடுகிறவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். வெட்டவெளியில் கிடக்கிற சரக்கு, ஒளித்து வைக்க முடியாது. ஒரே ஒரு பயம்தான். கணக்குப் பார்ப்பதற்குள் மழை வந்துவிடக் கூடாது.

அங்கிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, புதுச்சேரிக்குச் சற்று முன்னால் வலது பக்கம் திரும்பி செம்மண் மேட்டில் ஏறினால் முந்திரி மரங்களுக்கு நடுவே இடையஞ்சாவடி வரும். ஆரோவில்லை ஒட்டிய கிராமம். வெள்ளைக்காரர்கள் மொபெட்டில் போவதை இந்த ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது. அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்த ரசீது ஒன்றை எடுத்து நீட்டினார். பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். பரீட்சைக் கட்டணம்.

"இது சிதம்பரத்துக்குப் போவுதாமே சார், நெசமா? அங்க இன்னா பண்றாங்க இந்தக் காச?"

நான் ஏதோ சமாளித்தேன். ஆனால் கேள்வி விடவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிற பணத்தை யார் எண்ணுகிறார்கள்? அதைவிட முக்கியமாக, எப்போது எண்ணுகிறார்கள்?

இதே கேள்வியை இந்த மண்ணில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் பதில் கல்லில் இருக்கிறது!

விக்கிரவாண்டி பக்கம் எண்ணாயிரம் என்று ஒரு ஊர். அழகிய நரசிங்கப் பெருமாள் கோயில். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே ஒரு கல்லூரியின் பட்ஜெட்டையே சொல்கிறது. மாணவர்கள் மொத்தம் 340 பேர். இளையவர்கள் 270, மூத்தவர்கள் 70. அதோடு விட்டார்களா? ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர், இலக்கணம் படிக்க 40 பேர் என்று தலை எண்ணிப் பிரித்திருக்கிறார்கள். மூத்தவர்களில் வியாகரணத்துக்கு 25, மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு வெறும் 10. (வேதாந்தத்துக்கு அப்போதும் கூட்டம் கம்மிதான் போலிருக்கிறது.)

இளைய மாணவனுக்கு ஒரு நாளைக்கு 6 நாழி நெல். மூத்தவனுக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. ஒரு பேப்பரை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். மாணவர்களுக்கு மட்டும் தினசரி 2,320 நாழி. 96 நாழி ஒரு கலம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 24 கலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆசிரியர்களின் படியையும் சேர்த்து வருஷத்துக்கு 10,506 கலம் நெல். அதற்காக 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. நெல் போக, பொன் தனி.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் திருபுவனையில் இன்னொரு கல்லூரி. 1048-ம் வருஷத்துக் கல்வெட்டு. ராஜாதிராஜன் காலம். 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். இங்கே ஒரு சுவாரஸ்யமான விதி உண்டு. கல்லூரியில் பாடம் சொல்கிறவர்களும் படிக்கிறவர்களும் ஊர் வாரியங்களில் வேலை பார்க்கத் தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாடம் நடத்துகிறவரை ஊர்க் கமிட்டி வேலைக்கு இழுக்காதே என்று அர்த்தம். இன்றைய ஆசிரியர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

அப்படியே வடக்கே உத்திரமேரூருக்குப் போனால் முதலாம் பராந்தகன் காலத்துப் புகழ்பெற்ற கல்வெட்டுகள். 919, 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள், சொந்த வீடு, கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் என்று தகுதிகளை மனப்பாடம் செய்தோமே, அது. அதில் வாத்தியார்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத ஒரு சங்கதி, தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் திரும்பப் போட்டியிட முடியாது. அவன் மட்டுமில்லை. சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன், மச்சான், மருமகன் என்று உறவு முறை நீண்டுகொண்டே போகிறது. ஒருத்தன் கணக்குக் காட்டாவிட்டால் மொத்தக் குடும்பமும் அவுட்!

சோழர் காலத்தில் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. மச்சானுக்கும் தடை என்று கல்லில் வெட்டுகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் எந்த மச்சானோ எதையோ சுருட்டியிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? எண்ணாயிரத்தில் படித்தவர்கள் யார், உள்ளே விடப்படாதவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். அந்த நெல்லை விளைவித்தவன் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. அது ஒரு பெரிய கணக்கு, இன்றுவரை தீரவில்லை. ஆனாலும், எத்தனை பிள்ளைகள், தலைக்கு எவ்வளவு, எந்த நிலத்திலிருந்து என்பதைச் சுவரில் வெட்டி வைத்தார்கள். படி குறைந்தால் கல்லைக் காட்டிக் கேட்கலாம்.

ஆயிரம் வருஷம் தாண்டி சிதம்பரத்துக்கு வருவோம்.

1920-ல் செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு நிலம், கட்டடங்களோடு 20 லட்ச ரூபாயையும் தந்தார். அன்றைய 20 லட்சம்! பவுன் விலையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னை மாகாண அரசும் தன் பங்குக்கு நிதி தந்து 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம். தென்னாற்காடு, தஞ்சாவூர்க் கிராமங்களிலிருந்து எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரிகள் அங்கேதான் உருவானார்கள். தமிழிசைக்கும் அது தாய்வீடு. அந்தப் பெருமையில் ஒரு பைசா குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதைப் பிறப்பித்த சட்டத்தில் ஒரு விசேஷம் இருந்தது. நிறுவனருக்கும் அவர் வாரிசுகளுக்கும் நிர்வாகத்தில் நிரந்தர இடம். இணைவேந்தர் பதவி அப்பா, மகன், பேரன் என்று வழிவழியாக வந்தது. துணைவேந்தர் பதவிக்கு மூன்று பெயர்களைத் தருவது நிறுவனர் தரப்பு. அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வேந்தரான கவர்னர். தானம் கொடுத்தவருக்கு மரியாதை என்ற அளவில் 1929-ல் இது யாருக்கும் உறுத்தியிருக்காது. ஆனால் வருஷா வருஷம் அரசு மானியமும் மாணவர் கட்டணமும் கொட்ட ஆரம்பித்த பிறகும் சாவி அதே இடத்தில் இருந்தது. அங்கேதான் சிக்கல்.

1979-ல் தொலைதூரக் கல்வி வந்தது. எழுபதுகள், எண்பதுகளில் பிறந்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் "கரெஸ்லதான் எம்.ஏ. முடிச்சேன்" என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அது அண்ணாமலை. தமிழ்நாட்டைத் தாண்டியும் படிப்பு மையங்கள் முளைத்தன. பணம் கொட்டியது. பணம் கொட்டுகிற இடத்தில் ஆளும் சேரும். மண்டபம் போட்டால் பந்திக்குக் கூட்டம் வருவது மாதிரி. 2012 வாக்கில் ஆசிரியர்களும் அலுவலர்களுமாகச் சுமார் 12,000 பேர் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். தேவைக்கு எத்தனையோ மடங்கு அதிகம். இதற்குள் ஊருக்கு ஊர் தனியார் பொறியியல் கல்லூரிகள் வந்துவிட்டன. தொலைதூரக் கல்விக்கு விதிகளும் இறுகின. வரவு சுருங்கியது. ஆள் கணக்கு அப்படியே நின்றது.

2012 நவம்பரில் பானை உடைந்தது. பணம் இல்லை, சம்பளத்தைக் குறைக்கப் போகிறோம், ஆட்களைக் குறைக்கப் போகிறோம் என்றது நிர்வாகம். ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அதற்கப்புறம்தான் அரசு, தணிக்கைக் குழுவை அனுப்பிக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியது. நிதி முறைகேடுகள் நடந்திருப்பதாக அறிக்கை வந்தது. 2013 ஏப்ரலில் சிவ்தாஸ் மீனா ஐ.ஏ.எஸ். நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். 1929-லிருந்து இருந்த சட்டம் போய், அதே 2013-ல் புதுச் சட்டம் வந்தது. வாரிசு உரிமை முடிந்தது. அண்ணாமலை, அரசுப் பல்கலைக்கழகமானது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த 12,000 பேரும் ஒரே ராத்திரியில் சேர்ந்தவர்கள் இல்லை. வருஷக் கணக்காகச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு மாதமும் சம்பளப் பட்டியல் கையெழுத்தாகியிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் வரவு செலவு எழுதப்பட்டிருக்கிறது. பணம் இருந்தவரை யாரும் உரக்கக் கேட்கவில்லை. பெட்டி காலியான பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

இந்தக் கதை நம் இடையஞ்சாவடிக்குப் புதுசில்லை. ஊரின் வேலிக்கு அந்தப் பக்கமே ஒருமுறை நடந்திருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாமரை மொட்டுத் தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். மத்திய அரசு, மாநில அரசுகள், வெளிநாட்டு அமைப்புகள் எல்லாம் நிதி தந்தன. யுனெஸ்கோ ஆதரித்தது. நிர்வாகம் அரவிந்தர் சொசைட்டியிடம். 1973-ல் அன்னை காலமான பிறகு சொசைட்டிக்கும் குடியிருப்பவர்களுக்கும் தகராறு. புகார்கள். புதுச்சேரி லெப்டினென்ட் கவர்னர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். நிர்வாகத்தில் கடுமையான முறைகேடுகள், நிதியைத் தவறாகப் பயன்படுத்தியது, வேறு காரியங்களுக்குத் திருப்பியது என்று கமிட்டி கண்டதாக 1980-ல் வந்த அவசரகாலச் சட்டத்தின் முகவுரையிலேயே எழுதியிருக்கிறது. சொசைட்டி தரப்பு சுப்ரீம் கோர்ட் வரை போனது. இது ஒரு மதப்பிரிவின் சொந்த விவகாரம், அரசு தலையிடக் கூடாது என்பது வாதம். 1982 நவம்பரில் கோர்ட் அதை ஏற்கவில்லை. சட்டம் செல்லும் என்றது. 1988-ல் ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டம் வந்தது. கணக்குகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்ப்பார் என்றும் அதில் எழுதினார்கள்.

முப்பது வருஷம் முந்திய இந்தக் கதையில் பெயர்களை மாற்றினால் சிதம்பரம். நல்ல நோக்கம், பெரிய மனிதர், பொதுப்பணம், பூட்டிய பெட்டி, தகராறு, கமிட்டி, கடைசியில் கையகப்படுத்தும் சட்டம். 1980-ல் கற்ற பாடத்தை அதே தென்னாற்காட்டில் 2012-ல் இன்னொரு முறை முதலிலிருந்து படித்திருக்கிறோம்.

சரி, அரசு எடுத்துக்கொண்டதோடு எல்லாம் சுபமா?

அங்கேதான் எனக்கு வருத்தம். அதே வளாகத்தில் 1985-லிருந்து ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. 2013-ல் அதுவும் அரசு கைக்கு வந்தது. கட்டணம்? மாறவில்லை! மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருஷத்துக்குப் பதிமூன்றாயிரத்துச் சொச்சம் கட்டிக்கொண்டிருந்தபோது இங்கே ஐந்தரை லட்சத்தை ஒட்டிக் கட்டினார்கள். அரசுக் கல்லூரிதான், ஆனால் தனியார் கட்டணம். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட உட்கார்ந்தார்கள். ஐம்பது நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரி கடைசியில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசு உத்தரவிட்டது. கட்டணம் இறங்கியது. கையகப்படுத்தலுக்கும் இதற்கும் நடுவே ஏழு வருஷத்துக்கு மேல். அந்த ஏழு வருஷமும் பழைய நிர்வாகத்தின் ஓட்டையைப் புதுப் பிள்ளைகளின் பெற்றோர்கள் நகையை வைத்து அடைத்திருக்கிறார்கள். வேறெப்படிச் சொல்வது?

தொலைதூரக் கல்வி கதை இன்னும் மோசம். 2014-15-க்குப் பிறகு அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்குத் தன்னுடைய அங்கீகாரம் இல்லை என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. பகிரங்கமாக அறிவித்தது. நடுவில் சேர்ந்தவர்களின் கதி? பணம் கட்டியாயிற்று, பரீட்சை எழுதியாயிற்று. பல்கலைக்கழகம் ஒரு வாதம் வைத்திருந்தது, யு.ஜி.சி. வேறொன்று வைத்திருந்தது. இரண்டு பேரின் கடிதப் போக்குவரத்துக்கு நடுவே நின்றது மாணவன்.

உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்களையும் மறக்கக் கூடாது. வேலை போகவில்லை, அது நல்லதுதான். ஆனால் ஆயிரக்கணக்கில் வெளியூர் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றல். சிதம்பரத்தில் வீடு கட்டிக் கடன் அடைத்துக்கொண்டிருந்தவர் பெட்டியோடு ரயில் ஏறினார். அவரை வேலைக்கு எடுத்தபோது முறை பார்க்காதவர்கள் யாரும் அந்த ரயிலில் இல்லை.

இப்போது, எண்ணுவது யார் என்ற கேள்விக்கு வருவோம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணக்கை முதலில் பார்ப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. பஞ்சாயத்து, நகராட்சிக் கணக்குகளைப் பார்க்கிற அதே துறை. தணிக்கைக்காரர் தப்பைப் பார்த்தால் ஆட்சேபணை எழுதுவார். பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? அடுத்த வருஷ அறிக்கையில் 'பதில் வரவில்லை' என்று எழுதுவார். அதற்கடுத்த வருஷமும் எழுதுவார். இதற்குள் துணைவேந்தரின் மூன்று வருஷப் பதவிக்காலம் முடிந்து, மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போய்விடுவார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக் கூடாது என்று 921-ல் யோசித்தவர்கள், பதவி முடிவதற்குள் கணக்கு முடிய வேண்டும் என்பதைத்தான் யோசித்திருக்கிறார்கள்.

அதற்கு மேலே சி.ஏ.ஜி. 1860 நவம்பர் 16-ல் முதல் ஆடிட்டர் ஜெனரல் பொறுப்பேற்றதிலிருந்து வருகிற பாரம்பரியம். ஆனால் 1971-ம் வருஷச் சட்டப்படி ஒரு நிறுவனத்தின் மொத்தக் கணக்கை அவர் தானாகவே பார்க்க வேண்டுமானால், அரசு மானியம் 25 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் போதாது. அது அந்த நிறுவனத்தின் மொத்தச் செலவில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். மானியம் ஒரு கோடியைத் தொட்டால் சதவீதம் பாராமல் பார்க்கலாம், ஆனால் கவர்னரின் முன் அனுமதி வேண்டும். வேடிக்கையைப் பாருங்கள். மாணவர்களிடம் அதிகமாக வசூலிக்க வசூலிக்க, மானியத்தின் சதவீதம் குறையும். சதவீதம் குறைந்தால் அந்தக் கதவு தானாகத் திறக்காது. மாணவன் கட்டுவது பொதுப்பணம் இல்லையா என்ன?

இதே சதவீத விவகாரம் வேறு ரூபத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தைக் கடித்தது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை 424 கோடி ரூபாய் பாக்கி என்று வங்கிக் கணக்குகளை முடக்கியது. மானியம் சுருங்கிவிட்டதால் அதை அரசு நிதியில் இயங்கும் நிறுவனமாகக் கருத முடியாது என்பது வரித் துறையின் தர்க்கம். 1857-ல் பிறந்த பல்கலைக்கழகம்! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமே நேரத்துக்கு வராமல் ஊழியர்கள் கோஷம் போட்டார்கள். கோவையில் 2018-ல் ஒரு துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு 30 லட்சம் லஞ்சம் வாங்கியதாக வீட்டிலேயே கைது செய்யப்பட்டார். பெரும்பகுதி செக்காக வாங்கியதாகக் குற்றச்சாட்டு. கண்டுபிடித்தது தணிக்கை இல்லை. கேட்டவரே போய்ப் புகார் கொடுத்ததால் லஞ்ச ஒழிப்புப் போலீஸ் வந்தது.

பெரியவரின் ரசீதுக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கென்று ஜெயலலிதா பெயரில் தனிப் பல்கலைக்கழகம் அறிவித்தார்கள். ஆட்சி மாறியது. அதே ஆகஸ்டில் அதை அண்ணாமலையோடு இணைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்படித்தான் இடையஞ்சாவடிப் பெண்ணின் பரீட்சைக் காசு சிதம்பரம் போகிறது. வேலூர், விழுப்புரம், சிதம்பரம் என்று மாறிய எந்த முடிவையும் அவளிடமோ தாத்தாவிடமோ யாரும் கேட்கவில்லை.

ரசீதைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் தேதி இருந்தது, தொகை இருந்தது. தலைக்கு எவ்வளவு, எதற்குச் செலவாகிறது என்று எதுவும் இல்லை. பெரியவர் அதை நாலாக மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பாப்பா பத்திரமா வெச்சிருக்கச் சொல்லிச்சு சார். நாளைக்கு அவங்க கட்டலன்னு சொன்னா நாமதான காட்டணும்?"